நடக்க நடக்க ஏறிய எடை

சென்னை ஆஸ்பத்திரியின் எடை மெஷினில் அண்ணன் ஏறி நின்றபோது நான் மெஷினைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அந்த முகம் சுருங்கியது. போன தடவைக்கு இந்தத் தடவை மூன்று கிலோ ஏறியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடியற்காலையில் எழுந்து தினமும் திருவண்ணாமலை மலையைச் சுற்றி வருகிற மனுஷன். சோற்றைக் குறைத்து, காபியில் சர்க்கரையை நிறுத்தி, கடைக்குப் போகிற வண்டியைக்கூட வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போகிறவன். ஊரே பார்க்க நடக்கிறான். நடக்க நடக்க எடை ஏறுகிறது என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்ல.

“மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்குமா மேடம்?” என்று கேட்டேன்.

டாக்டரம்மா எழுந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஒரு தடவை ஏறி நின்று காட்டினார். கோளாறு இல்லை.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க மேடம். கொறைச்சிட்டு வரேன்” என்றான். டைம் அவன் கேட்டான். அந்த டைம் என்னுடையது. எனக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. அதில் ஒன்றுக்குப் பதிலாக அவனுடைய ஒன்றை எடுத்து வைப்பதாகத்தான் ஏற்பாடு. அவன் எடை குறைந்தால் எனக்கு ஆபரேஷன். குறையாவிட்டால் எனக்கு டயாலிசிஸ் மெஷின், அந்த மெஷின் அலுத்துப்போகிற அன்றைக்கு ஒன்றுமில்லை. விஷயம் இவ்வளவுதான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறேன். உடம்பிலிருக்கிற ரத்தத்தை மெஷின் வெளியே இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். படுப்பதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள், எழுந்த பிறகும் பார்ப்பார்கள். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையில் ஏறியதெல்லாம் நான் குடித்த தண்ணீர். சிறுநீர் நின்றுபோன உடம்பில் குடித்தது எங்கே போகும், காலிலும் முகத்திலும் நெஞ்சிலும்தான் தங்கும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்த தண்ணீர். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை மேலேயே இருக்கிறது. வாசலில் என் வீட்டுக்காரர் இளநீர்க் கடை போட்டிருக்கிறார். என் கண் முன்னால் ஊர் உலகமே இளநீர் குடித்துவிட்டுப் போகும். எனக்கு ஒரு மடக்கு ஆகாது. சித்திரை வெயிலில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அது கரையக் கரையப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மனக்கட்டுப்பாடு பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

கிட்னி கொடுக்க ஆள் தேடியபோது வீட்டுக்காரருக்கு சுகர் இருந்தது. அம்மாவுக்கு வயசு, பிரஷர் வேறு. அப்பா இல்லை. “ரத்த சொந்தத்துல வேற யாராவது…” என்று டாக்டரம்மா கேட்டு முடிப்பதற்குள் அம்மாவின் தலை அண்ணன் பக்கம் திரும்பியது. அம்மா வாயைத் திறக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். “நான் தரேன்” என்றான் அண்ணன். எவ்வளவு வேகமாகச் சொன்னான் என்றால், நான் அழக்கூட நேரமில்லை.

பரிசோதனைகள் எல்லாம் பொருந்தி வந்தன. எடை மட்டும் ஜாஸ்தி. இந்த எடையோடு கத்தி வைத்தால் கொடுக்கிறவருக்கு ஆபத்து, குறைத்துவிட்டு வாருங்கள் என்று ஓர் எல்லையைச் சொன்னார்கள். அந்த எல்லைக்குக் கீழே வந்தால் ஆபரேஷனுக்குத் தேதி. அந்த எண்ணை எங்கள் வீட்டில் எல்லோரும் போன் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டோம்.

அதற்குள் அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அண்ணன் டவுனில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். கடைக்கு வருகிறவர்களெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். என் நாத்தனார் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, தங்கைக்குக் கிட்னி கொடுக்கப்போகிற அண்ணன் என்று மைக்கில் சொல்லி, பொன்னாடை போர்த்தினார்கள். கொடுப்பதற்கு முன்னாலேயே பொன்னாடை போர்த்துகிற வழக்கம் நம் ஊர்க்காரர்களுக்குத்தான் வரும். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அண்ணன் கும்பிட்டான். அந்த ஆடைக்குள் அவனுக்கு வியர்த்து ஊற்றியது. ஏப்ரல் மாசம், வியர்க்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் எடை நன்றாகவே இறங்கியது. காலையில் அவன் எங்கள் வீட்டைத் தாண்டும்போது நான் வாசலில் நிற்பேன். நிற்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறையும். எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டான், இன்னும் ஒரு கிலோதான் என்ற நிலை. அங்கே வந்ததும் திரும்பி ஏறியது. மறுபடி இறங்கினான். மறுபடி அதே இடத்திலிருந்து ஏறியது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் யாரோ கம்பை வைத்துக்கொண்டு நின்று இவனை விரட்டுகிறார்களோ என்று இருந்தது எனக்கு.

திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். “ஒரு வாய் தண்ணிக்கு நான் நாக்கத் தொங்கப் போட்டுக்கினு இருக்கேன். உன்னால ஒரு வடையை வுட முடியலையா?” என்றேன்.

“நான் எங்க சாப்புடறேன். அம்மாவைக் கேட்டுப் பாரு” என்றான்.

அம்மாவைக் கேட்டால் அங்கே வேறு கதை. கிட்னி கொடுக்கப் போகிற பிள்ளைக்குத் தெம்பு வேண்டாமா என்று அவன் தட்டில் நெய்யை ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணியிடம் சொல்லி அந்த நெய்யை நிறுத்தினோம். அப்புறமும் இறங்கவில்லை.

அப்படி இருந்தபோதுதான் சென்னையில் அந்த மூன்று கிலோ. திரும்பி வந்ததும் நான் வேறு வழியைப் பிடித்தேன். உடம்பு கெடுவதற்கு முன்னால் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பில் வேலை பார்த்தவள் நான். அங்கே கூட வேலை செய்த சிநேகிதி ஒரு வகுப்பைச் சொன்னாள். ஒரு மாடி அறையில், பெங்களூரிலிருந்து வந்து தங்கிவிட்ட ஒரு தமிழம்மா, எடை குறைப்பதற்கு ‘மைண்ட்செட்’ சொல்லித் தருகிறாராம். மனசை மாற்றினால் உடம்பு தானாக மாறுமாம். அண்ணனை இழுத்துக்கொண்டு போனேன். அவன் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. எதற்குத்தான் அவன் மாட்டேன் என்று சொன்னான்.

பாய் விரித்து உட்கார வைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் சிலர், டவுனிலிருந்து வந்த பெண்கள் சிலர், ரிட்டயரான ஒரு பெரியவர், நாங்கள் இரண்டு பேர். அந்தம்மா மெல்லிய குரலில் பேசினார்.

“உடம்பு இருக்குதே, அது மனசு சொல்றதைத்தான் கேக்கும். நீங்க வாயால என்ன சொல்றீங்கன்றது அதுக்குக் கணக்கே இல்ல.”

நான் அண்ணனை முழங்கையால் இடித்தேன். கேட்டுக்கோ என்று.

“இப்ப கண்ணை மூடிக்குங்க. எடை கொறைஞ்சதும் உங்களுக்கு என்ன கெடைக்கப் போகுதோ, அந்த நாளைக் கண் முன்னால கொண்டு வாங்க. நல்லா வந்துடுச்சின்னா அதுக்குள்ள போய் நில்லுங்க.”

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை, வேடிக்கை பார்த்தேன். ஒரு பெண்ணின் உதட்டில் சிரிப்பு வந்தது, ஏதோ கல்யாணத்துக்கு நல்ல புடவை கட்டியிருப்பாள் போல. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். அண்ணனைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. இரண்டு கையும் முழங்காலை இறுகப் பிடித்திருந்தது. மூச்சு மேலேயே நின்றது. திடீரென்று கண்ணைத் திறந்தான், எழுந்தான், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டான்.

வகுப்பு முடிந்து நான் இறங்கி வந்தபோது எதிர்த்த டீக்கடையில் நின்றிருந்தான். கையில் சமோசா. காகிதத்தில் இன்னொன்று சாப்பிட்ட தூள் இருந்தது.

“பசிச்சிதும்மா” என்றான்.

நான் போட்ட சத்தத்தில் தெருவில் போன சாமியார் ஒருவர்கூட நின்று திரும்பிப் பார்த்தார். இவனுக்கு வாய்க்கட்டுப்பாடு கிடையாது, தங்கை செத்தாலும் பரவாயில்லை, நாக்குதான் முக்கியம் என்று அன்றைக்கு நான் தீர்மானம் செய்தேன். வீட்டுக்காரரிடமும் அதையே சொல்லி அழுதேன்.

அடுத்த தடவை சென்னைக்குப் போக வேண்டிய நாள் பௌர்ணமிக்கு மறுநாளாக அமைந்தது. பௌர்ணமி அன்றைக்கு எனக்கு டயாலிசிஸ் முறை. முடிந்து வரும்போது சாயங்காலம். அன்றைக்கு கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். ஆட்டோக்காரர் பைபாஸிலேயே இறக்கிவிட்டுவிட்டார். வீட்டுக்காரர் கடையில் கூட்டம் தாங்காமல் திணறிக்கொண்டிருந்தார். நானே மெதுவாக நடந்து வந்துவிடுகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு, குறுக்குத் தெரு வழியாகப் பாதைக்கு வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். இன்னும் வெளிச்சம் இருந்தது.

பாதை நெடுக அன்னதானப் பந்தல்கள். ஒவ்வொன்றிலும் அண்டா, கரண்டி, “வாங்க சாமி, சாப்புட்டுட்டுப் போங்க சாமி” என்று கூப்பாடு. எங்கள் ஊரில் அதை யாரும் சாப்பாடு என்று நினைப்பதில்லை. பிரசாதம். கொடுக்கிற கையை வேண்டாம் என்று தள்ளக் கூடாது. அது உடம்பில் ஏறாது, கணக்கிலும் வராது. சுகர் இருக்கிற என் வீட்டுக்காரரே சக்கரைப் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்வார். நானே பல தடவை அப்படிச் சாப்பிட்டவள்தான்.

ஒரு பந்தலின் வரிசையில் அண்ணனின் முதுகு தெரிந்தது. கோடு போட்ட சட்டை, நான் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தது. கையில் தட்டு. வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். நாளைக்கு எடை பார்க்கப் போகிறோம், இங்கே சாம்பார் சாதம் நடக்கிறது. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஒரு வளையல் கடைப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். என்னென்ன சொல்லித் திட்டுவது என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டான். தட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்துப் பந்தலுக்குப் போனான், கேசரி வாங்கினான். அதற்கடுத்த பந்தலில் புளியோதரை. நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னாலேயே போனேன். அதற்கடுத்து தயிர் சாதம். அங்கேதான் அவன் முகம் என் பக்கமாகத் திரும்பியது.

நான் அதிர்ந்து போனேன். ருசித்துச் சாப்பிடுகிற முகமே இல்லை அது. எனக்கு அவனைத் தெரியும், சின்ன வயசிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவள். பிடித்ததைச் சாப்பிட்டால் தலை லேசாக ஒரு பக்கம் சாயும், கண் சிரிக்கும். இப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினான். தொண்டை மேலும் கீழும் போனது. ஒவ்வொரு வாய்க்கும் நின்று மூச்சு வாங்கினான். மூட்டை தூக்குகிற ஆள் செய்கிற வேலையை அவன் வாயால் செய்துகொண்டிருந்தான்.

அப்புறம் தட்டை வைத்துவிட்டு ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தான். வாந்தி. மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பாட்டில் தண்ணீரில் வாய் கொப்பளித்தான், கண்ணைத் துடைத்தான். அழுகையா, வாந்தி எடுத்ததில் வந்த தண்ணீரா, எனக்குத் தெரியவில்லை. முடிந்தது, இனி வீட்டுக்குப் போவான் என்று நினைத்தேன். அவன் மறுபடியும் வரிசையில் போய் நின்றான்.

நான் வந்த வழியே வளையல் கடைக்குத் திரும்பினேன். கடைக்காரம்மா ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தார், உட்கார்ந்தேன். திட்டு ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. நாளைக்கு எடை பார்ப்பார்கள். எல்லைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறான் என்று காலையில் அண்ணி போனில் சொல்லியிருந்தாள், இந்தத் தடவை நிச்சயம் என்றாள். அதனால்தான் இவன் இங்கே நிற்கிறான். மாடி அறையில் அந்தம்மா கண்ணை மூடச் சொன்னபோது மற்றவர்களுக்குப் புடவையும் நல்ல நாளும் தெரிந்திருக்கும். எடை குறைந்தால் என் அண்ணனுக்குக் கிடைக்கப்போவது ஆபரேஷன் மேஜை, கத்தி. அதற்குள் போய் நில்லுங்கள் என்று சொன்னால் அவன் எங்கே நிற்பான்.

அவனுக்கு இஷ்டமில்லை. கொஞ்சமும் இஷ்டமில்லை. கரண்டியை நீட்டினால்கூட வேண்டாம் என்று சொல்ல வராதவன், அம்மா பார்த்தபோது என்ன சொல்லியிருக்க முடியும். அவன் வாய் சொல்லாததை அவன் உடம்பு ஒவ்வொரு மாசமும் அந்த மெஷினில் ஏறிச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் அவனைத் தருகிறாயா என்று கேட்கவே இல்லை என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. “பசியில சாப்ட்டிருப்பாரு, வுடு” என்றார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன், வாந்தி வரைக்கும். இளநீர் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“அப்ப உன் கதி?” என்றார்.

மறுநாள் சென்னையில் அண்ணன் மெஷினில் ஏறினான். எல்லைக்கு மேலேதான் இருந்தான்.

“இன்னான்னே தெரியல மேடம். நடக்கறேன், சாப்பாடும் கம்மிதான்” என்று டாக்டரம்மாவிடம் சொன்னான்.

அவன் முகத்தில் பொய்யே இல்லை. நேற்று அவ்வளவும் தின்றுவிட்டு இன்றைக்கு ஒருத்தன் இப்படிச் சொல்ல முடியுமா. முடியும். அவன் சாப்பிட்டது பிரசாதம். அவன் கணக்கில் அது இல்லை. தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

டீ குடித்துவிட்டு வா என்று அவனை அனுப்பிவிட்டு டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்தேன். “அவருக்கு இதுல இஷ்டம் இல்லைங்க மேடம்” என்றேன்.

பேனாவை மூடி வைத்தார். “எனக்கும் ரெண்டு விசிட்டா அந்தச் சந்தேகம் இருக்குதும்மா. தனியா கூப்ட்டுக் கேட்டேன். தங்கச்சிக்கு உயிரையே குடுப்பேன்னாரு. அதுக்கு மேல நான் என்ன கேக்கறது.”

“அவரு கிட்னி ஆகாதுன்னு நீங்களே சொல்லிடுங்க. எடை பேச்சே எடுக்காதீங்க.”

“உங்க நெலமை தெரிஞ்சுதான் பேசறீங்களா? அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட்டுதான். எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“தெரியும் மேடம்.”

தெரியும் என்று வாய் சொன்னது. உள்ளே நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். தியாகம் அது இதென்று யாரும் நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கோபம். வாந்தி எடுத்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்கிறவனிடமிருந்து ஒன்றை வெட்டி எடுத்து என் உடம்பில் வைத்துக்கொள்ள எனக்கு அருவருப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

டாக்டரம்மா அவனைக் கூப்பிட்டு, மருத்துவக் காரணத்தால் உங்களுடையதை எடுக்க முடியாது, மேற்கொண்டு கேட்காதீர்கள் என்று சொன்னார். “ஐயோ மேடம், பரவால்ல, எடுத்துக்குங்க மேடம்” என்று அண்ணன் கெஞ்சினான். கண்ணில் தண்ணீர் வந்தது. அதே நேரத்தில் அவன் தோள் இரண்டும் இறங்கின. பொன்னாடை போர்த்திய நாளிலிருந்து அந்தத் தோள் தூக்கியே இருந்தது என்பது அது இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, திண்டிவனம் தாண்டி செஞ்சி வரைக்கும் தூங்கினான். அவன் தூங்கி வெகு நாளாயிற்று என்று அண்ணி பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் முழித்துக்கொண்டு வந்தேன். எழுப்பி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. அண்ணன் கிரிவலத்தை நிறுத்திவிட்டான். வண்டியில்தான் கடைக்குப் போனான். எடை இறங்க ஆரம்பித்தது. ஒரு டயட்டும் இல்லை, ஒரு வகுப்பும் இல்லை. சட்டை தொளதொளவென்று ஆனது. பேன்ட்டுக்குப் புதிதாக பெல்ட் வாங்கினான். எங்கள் ஊரில் ஒருத்தன் இளைத்தால் நல்லாயிருக்கிறாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். “சுகரா?” என்றுதான் கேட்பார்கள். கடைக்கு வந்தவர்களெல்லாம் கேட்டு அம்மா பயந்துபோய், அவனை இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். சுகர் இல்லை, ஒன்றுமே இல்லை. ஒரு பௌர்ணமியன்று எங்கள் வாசலில் நின்றபோது எதிர்ப் பந்தல்காரர் தொன்னையை நீட்டினார். “வேணாங்க, வயிறு நெறஞ்சிருக்குது” என்றான் அண்ணன், சாதாரணமாக. என் காதை என்னால் நம்ப முடியவில்லை. இளநீர் வாங்க வந்தவருக்குச் சில்லறை கொடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். டயாலிசிஸுக்கு அண்ணன்தான் என்னை வண்டியில் கூட்டிப் போனான். உள்ளே போனதும் எடை மெஷின் பக்கத்தில் நர்ஸம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாண்ணா இப்படி எளச்சிட்டீங்க. ஏறுங்க பாக்கலாம்” என்றார் சிரித்துக்கொண்டே.

அவனும் சிரித்துக்கொண்டே ஏறினான். எண் நின்றது. சென்னையில் சொன்ன எல்லைக்குக் கீழே, ரொம்பவே கீழே. அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. எனக்கு மனப்பாடமான எண் அவனுக்கும் மனப்பாடம்தானே.

“நான் ஒண்ணுமே பண்ணலையேம்மா” என்றான்.

அவன் எண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக முகம் வெளுத்தது. தான் அப்போதெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவனுக்கு அந்த மெஷின் மேலேதான் தெரிந்தது. நான் முன்பே ஒரு பந்தலில் பார்த்துவிட்டேன். அவன் இப்போதுதான் தன்னையே பார்க்கிறான். பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட நீதான் சொன்னியா?” என்றான்.

“ஆமா.”

நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ட்யூபை எடுத்து வருகிறேன் என்று நகர்ந்தார். பக்கத்து வரிசையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்குள் இவ்வளவு நாள் அடைத்துக்கொண்டிருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

“அண்ணா, உன்னை யாருமே கேக்கல. நானும் கேக்கல. இப்ப கேக்கறேன். எடையும் கொறைஞ்சிடுச்சி, டாக்டருக்குப் போன் போட்டா ஒத்துக்குவாங்க. குடுக்கறியா?”

கேட்டுவிட்டேன். சரி என்று சொல்லிவிடுவான் என்று பயம். சொல்லமாட்டானா என்று ஆசை. இரண்டும் ஒன்றாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அவன் மெஷினிலிருந்து இறங்காமல் நின்றான்.

“இல்லம்மா” என்றான். “என்னால முடியாது. ஏன்னு கேட்டா எனக்கே தெரியல. கத்தியை நெனச்சாலே உயிர் போவுது. என்னால முடியாது.”

இப்படி ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அம்மாவிடமும் சொன்னதில்லை, அண்ணியிடமும் சொன்னதில்லை. முதல் தடவையாக அதை என்னிடம், என் உயிர் விஷயத்தில் சொன்னான். உண்மையைக் கேட்டால் மனசு லேசாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். ஆகவில்லை. நெஞ்சு எரிந்தது. அவன் பயந்துகொண்டாவது சரி என்று சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. அழுதேன். அவனும் அழுதான்.

“எனக்கு இது போதாதுண்ணா” என்றேன். “நீ உண்மை சொன்னது நல்லதுதான். ஆனா எனக்கு அது போதாது.”

“தெரியும்” என்றான்.

நர்ஸம்மா திரும்பி வந்து என்னை ஏறச் சொன்னார். அண்ணன் மெஷினைவிட்டு இறங்கினான். கீழே கிடந்த என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் ஏறுவதற்காகக் கையை நீட்டினான். பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.